மண்ணெண்ணெய் நாற்றம் என்று வந்த கார்டு

எனக்கு அப்போதும் வாய் நீளம், இப்போதும் நீளம். அந்த வாயால் கெடுத்துக்கொண்ட காரியங்களில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது. எழுதினால் போகுமா என்றால் அந்த நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பழவேற்காடு ஏரிக்குள் பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தீவு என்பதால் எதற்கும் படகு ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். வீட்டில் என் புருஷன், நான், இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்துக் குடிசையில் என் நாத்தனார், என் புருஷனுக்கு இளையவள். கட்டியவன் கடலுக்குப் போய்த் திரும்பாததால் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தவள். குடிசைதான் தனி, அடுப்பு ஒன்று. என் சட்டியில் வெந்ததைத்தான் அவளும் சாப்பிட்டாள். என் சின்னவள் அவள் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சேலத்துக்கு மாற்றலாகிப் போனார். போன மறு மாதமே எனக்குக் கடிதம் போட்டார். அங்கே கிடைக்கிற கருவாட்டை வாயில் வைக்க முடியவில்லை, காய்ந்த இறால் ஒரு கிலோ பார்சலில் அனுப்ப முடியுமா என்று. அனுப்பினேன். அவர் வீட்டுக் குழம்பு வாசம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வீட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது, அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. இப்படியே பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தன. ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. வி.பி.பி.யில் அனுப்பினால் அவர்கள் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்வார்கள், பணம் எனக்கு மணியார்டராக வந்துவிடும். எட்டாவது வரை படித்தவள் என்பதால் விலாசம் எழுதுவது என் வேலை. மற்றதெல்லாம் நாத்தனார்.

அவள் வேலை சுத்தமான வேலை. இறாலை உப்புத் தண்ணீரில் அவித்து, மண் ஒட்டாமல் பழைய வலையை விரித்து அதன்மேல் பாய் போட்டுக் காய வைப்பாள். காக்காய்க்குக் காவலாகத் தானும் கூடவே வெயிலில் காய்வாள். பிறகு சாக்கில் போட்டு அடித்து ஓட்டை நீக்கி, முறத்தில் புடைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். ஒரு மீசை கிடந்தாலும் விடமாட்டாள். "திங்கறவங்க நம்ம மூஞ்சியவா பாக்கப் போறாங்க அண்ணி? எறாவத்தான் பாப்பாங்க" என்பாள். காடாத் துணியில் அவள் தைத்துத் தந்த பார்சலைப் பார்த்து, எந்த டெய்லர் தைத்தது என்று தபாலாபீசில் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கோடையில் என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், நான் பத்து நாள் தாய்வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. விலாசங்களை எழுதி வைத்துவிட்டுப் போனேன். அந்தப் பத்து நாளும் அவளே கட்டி, அவளே தைத்து, அவளே படகேறிப் போய் அனுப்பினாள்.

நான் திரும்பி வந்த இரண்டாவது வாரம் சேலத்து வீடு ஒன்றிலிருந்து அந்தக் கார்டு வந்தது. கார்டுக்கு மறைவு ஏது? படகு எங்கள் துறைக்கு வந்து சேர்வதற்குள் படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, தெரியாதவர்களுக்குச் சொல்லி முடித்திருப்பார்கள். நான் துறைக்குப் போனபோது என்னைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"நீங்கள் அனுப்பிய இறாலில் ஒரே மண்ணெண்ணெய் நாற்றம். அத்தனையும் குப்பையில் கொட்டினோம். முகம் தெரியாதவர்களை ஏமாற்றிப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா? எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்."

"இன்னாமே, எறாவ கிருஷ்ணாயில்ல வறுத்து அனுப்புனியா?" என்றாள் மீன் கூடையோடு நின்ற ஒருத்தி. துறையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேலத்துக்காரி கைக்கு எட்டவில்லை. நாத்தனார் எட்டினாள்.

அவள் பாயில் உட்கார்ந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கார்டை அவள் முன்னால் வீசினேன்.

"வெளக்கு பக்கத்துல வெச்சி கட்டுனியா?"

"இல்ல அண்ணி. பகல்லதான் கட்னேன்."

"அப்போ கிருஷ்ணாயிலு எங்கேர்ந்து வந்துச்சி? அவளுக்குப் பொய் சொல்லணும்னு இன்னா தலையெழுத்து?"

"அது எனக்குத் தெரியாது. நான் கட்டுனது நல்ல எறா."

இதற்குள் துறையில் இருந்த பெண்கள் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள். அந்த இடத்தில் என் வாய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"நல்ல எறானா, அம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சி சொல்லு."

எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், அந்த விஷயத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசக்கூடாது. ஆனால் சத்தியம் செய்தவர், கேட்டவர் வீட்டில் அதன்பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அதனாலேயே சொந்தத்தில் யாரும் கேட்பதில்லை. படகுப் பங்குக்காக மண்டையை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள்கூட அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. நான் ஒரு கிலோ இறாலுக்காக எடுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று காத்திருந்தாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அத்தனை பேர் பார்க்க எனக்கு இறங்கி வர மனமில்லை. அவள் மடியை உதறி எழுந்து கோயிலுக்குப் போனாள். அணைத்தாள், சொன்னாள். திரும்பி வந்து என் வீட்டிலிருந்த தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள்.

அன்றே சேலத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். எங்கள் வீட்டுப் பெண் அம்மன் முன் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருக்கிறாள், தவறு எங்களுடையதல்ல என்று இடம் மீதியில்லாமல் எழுதினேன். என்ன பெருமை எனக்கு! பதில் வரவில்லை.

என் புருஷன் அதிகம் பேசாதவர். "நம்மள வுட்டா அவளுக்கு யாரு கீறாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேச்சில்லை. நாத்தனார் பேசினாள், அதுதான் கொடுமை. இறால் காய்ந்துவிட்டது அண்ணி, துணி தீர்ந்துவிட்டது அண்ணி என்று வேலைப் பேச்சு குறையவே இல்லை. தனக்கென்று மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. மீந்த சோற்றை நாய்க்கு வைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் என் வாசலில் நிற்பேன். கேட்ட சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கோயிலில் போய்க் கேட்டேன். செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு கார்டு வந்தது. அதே கையெழுத்து.

"காய்ந்த இறால் இரண்டு கிலோ அனுப்பவும். போன தடவை பார்சலை எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் டின் மேல் வைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தவறாக நினைக்க வேண்டாம்."

அவ்வளவுதான். கற்பூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மாளைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. துறையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கார்டைக் கத்திப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு மணலில் ஓடினேன்.

அவள் குடிசை வாசலில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவளுக்கும் படித்துக் காட்டினேன். "உன் மேல தப்பே இல்ல, பாரு, அவளே எழுதிகீறா" என்றேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கி ஒரு கார்டு வந்துச்சி, நம்புன. இன்னிக்கி ஒரு கார்டு வந்துகீது, நம்புற. நடுவுல நான் ஒருத்தி சொன்னேனே அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். அவள் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை எனக்கு.

"குடி அண்ணி. உனக்கு ஒண்ணும் இல்ல. சத்தியம் பண்ணது நாந்தான?"

குடித்தேன். நான் குடித்து முடிக்கிறவரை நின்று, டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, சேலத்துப் பார்சலுக்குத் துணி கிழிக்க உட்கார்ந்தாள்.