விளக்குக்காரர் சவுரிராயனின் இடுப்பு

விழுப்புரம் ஜங்ஷனில் கைகாட்டி மரங்களுக்கு விளக்கு ஏற்றுகிறவர் எங்கள் தெரு சவுரிராயன். சாயங்காலமானால் விளக்குகளையும் மண்ணெண்ணெய் டின்னையும் வலது கையில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோரம் நடப்பார். ஒவ்வொரு மரமாக இரும்பு ஏணியில் ஏறி விளக்கை மாட்டுவார். பல வருஷம் இப்படி நடந்ததில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. சட்டையின் வலது ஓரம் மட்டும் தாழ்ந்து தொங்கும். அவர் மனைவி சவுரியம்மாள் அந்த ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டாள். அதன் பிறகு பார்க்கிறவர்களுக்குச் சாய்வு தெரியவில்லை. இடுப்புக்குத் தெரிந்தது.

1939-ஆம் வருஷ மழைக்காலத்தில் இடுப்பிலிருந்து குதிகால்வரை வலி இறங்கியது. ஒருநாள் ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன் சவுரி. அப்பவும் ஏற முடியலைன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரியில் லூர்துமேரி என்ற நர்ஸ் உடற்பயிற்சி கொடுத்தே வலியைக் குறைக்கிறாராம். சவுரிராயன் ரயிலேறிப் போனார். நர்ஸ் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"பாரம் எல்லாம் ஒரே கையிலதானா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"நோவு அங்கதான் இருக்குது."

மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு சேர்க்கவும், குதிகால், முதுகு, தலை மூன்றும் படச் சுவரோரம் நிற்கவும் சொல்லிக் கொடுத்தார்.

சவுரிராயன் பயிற்சியை விட்டுவிட்டார். வலது கை தப்பு என்றால் இடது கை சரி என்று எடுத்துக்கொண்டார். வளைந்த மூங்கிலை எதிர்ப்பக்கம் வளைத்துத்தானே நிமிர்த்துகிறோம்! பாரம் முழுவதும் இடது கைக்கு மாறியது. கொஞ்ச நாளில் இடப்பக்கமும் வலித்தது.

"இத்தினி நாளா மேக்கால சாஞ்ச, இப்ப கெழக்கால சாயிற. எப்பதான்யா நடுவுல நிப்ப?" என்றாள் சவுரியம்மாள்.

மறுபடி திண்டிவனம் போனபோது லூர்துமேரி சிரித்துவிட்டார். "அண்ணே, உடம்பு மூங்கில் இல்லீங்க. பாரத்தை ரெண்டு கைக்கும் பிரிச்சுக்குங்க. முதுகுத் தசைக்குப் பலம் வந்தாத்தான் நேரா நிக்கும். அதுக்குத்தான் பயிற்சி."

இந்த முறை அவர் விடவில்லை. வீட்டில் படுத்துச் செய்தார். ஸ்டேஷனில் விளக்கு அறைச் சுவரோரம் நின்றார். போர்ட்டர் தாண்டவராயன் சும்மா போகவில்லை.

"இன்னா சவுரி, வாத்தியாரு நிக்க வெச்சுட்டாரா?"

"ஆமா, எனக்கு இன்னும் கணக்கு வரல."

வலி மெல்ல மெல்லக் குறைந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் கைகாட்டி மரத்தடியில் வந்து நின்றார். சவுரிராயன் படிப்படியாக உச்சிவரை ஏறி விளக்கை மாட்டினார். வளவனூர்ப் பக்கம் புகை தெரிந்தது.

"சரி, எறங்கு. பாண்டிச்சேரி வண்டி வருது" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நடந்தார். வேறு ஆள் பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் சட்டையைக் கவனித்தார். வலது ஓரம் மேலே ஏறியிருந்தது.

"தொவைச்சுத் தொவைச்சு ஒரு பக்கம் சுருங்கிப்போச்சு பாரு."

"சட்டை சுருங்கலய்யா, நீ நிமுந்துட்ட. கழட்டிக் குடு" என்று வாங்கி, சவுரியம்மாள் தான் போட்ட தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.