இன்னும் ஆறவில்லை என்ற செல்வபாய் அக்கா

சனிக்கிழமை காலை நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கணவர்தான் எடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசிவிட்டு வந்து வாசலில் நின்றார். "செல்வபாய் அக்கா மோசம் போயிட்டாவாம். நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்" என்றார். பால் போத்தல் எடுக்கப்படாமல் இருந்ததைக் கண்ட பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கழுவின அரிசியையே நான் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் என்று இவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

சிட்னியில் அக்காவை அறிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அறியாதவர்களுக்காகவும் சொல்கிறேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாதித் தொழில் படித்துவிட்டு, இந்தியாவின் வடகிழக்கில், பர்மா எல்லையை ஒட்டிய மலைகளில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எழுபத்திரண்டாம் ஆண்டில் அவரும் நானும் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே மாதத்தில் தாதிகளாகச் சேர்ந்தோம். லிட்கம் என்ற புறநகரில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன. நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, வாய்க்காரியும்கூட. அவரோ அளந்து பேசுபவர். முதல் நாள் "நீங்கள் இந்தியாவோ அக்கா?" என்று கேட்டேன். "ஆமா மக்கா. ஒனக்குப் பசிக்குதா?" என்றார். அன்றைக்கே எங்கள் சிநேகிதம் ஆரம்பமாகிவிட்டது.

வார்டில் அக்காவுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனமே வராது. டாக்டர் போகலாம் என்று சொன்னாலும், இன்னும் ஆறவில்லை, ரெண்டு நாள் கிடக்கட்டும் என்று தன் ஆங்கிலத்தில் மன்றாடுவார். தழும்பே மங்கிப்போன கிழவர்களையும் பிடித்து வைத்திருப்பார். இது ஆஸ்பத்திரியா, நீ நடத்தும் விடுதியா என்று தலைமைத் தாதியான மேட்ரன் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "அக்கா, உங்கட பிடி உடும்புப் பிடி. யமனும் கொண்டுபோக ஏலாது, பெண்சாதியும் கொண்டுபோக ஏலாது" என்று பகிடி பண்ணினேன். அக்கா சிரிக்கவில்லை. போர்வையை மடித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்நாட்களில் சிட்னித் தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். இலங்கையில் எங்கள் இளைஞர்கள் கொதித்துப் போயிருந்த காலம். ஆண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்தபடியே நாடு பிடித்துவிடுவார்கள். ஒருநாள் பேச்சு துரோகிகளைப் பற்றித் திரும்பியது. "இயக்கம் எண்டு வந்தால் துரோகியைச் சுடத்தானே வேணும். பின்னை என்ன, மாலையோ போடுறது?" என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தார்கள். செல்வபாய் அக்கா எழுந்து குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

"அவர் விசர்க் கதை கதைப்பார் அக்கா. நீங்கள் மனசில வையாதேங்கோ."

"ஒன் மாப்பிள்ளய நான் ஒண்ணும் சொல்லல மக்கா. நான் ஒரு துரோகிக்குக் கட்டுப் போட்டவளாக்கும். அதான்."

அன்றுதான் அந்தக் கதை அவர் வாயிலிருந்து வந்தது.

அந்த மலைகளில் தனிநாடு கேட்டு ஒரு படை போராடிவந்தது. பிறகு அது இரண்டாகப் பிளந்தது. அரசோடு பேசிப் பார்க்கலாம் என்றது ஒரு பிரிவு. எல்லைக்கு அப்பால் முகாம் போட்டிருந்த மற்றப் பிரிவோ, பேசப் போகிறவன் துரோகி என்றது. தாவீது என்ற இளைஞன் எல்லைப் பிரிவை விட்டு விலகிப் பேச்சுக்காரரோடு சேர்ந்தான். பழைய கூட்டாளிகள் அவனைத் தொடையில் சுட்டார்கள். கிராமத்தார் அவனை மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து அக்காவின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் யாராயிருந்தாலும், பட்டாளமானாலும், அதை வாசலில் காவற்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். உள்ளே கிடக்கும் நோயாளியை யாரும் தொடக்கூடாது. இரு பிரிவாரும் இதை மதித்தார்கள். அவரவர் ஆட்களுக்கும் போக வேறு ஆஸ்பத்திரி இல்லையே. ஆகவே, காயம் ஆறித் தாவீது வெளியே வரும் அன்று அவனை முடித்துவிடும்படி எல்லைப் பிரிவு ஓர் ஆளை அனுப்பியது. அந்த ஆள் தாவீதின் கூடப்பிறந்த அண்ணன், யோனா. அவன் யார் பக்கம் என்று சோதித்துப் பார்க்கத்தான் அவனைத் தெரிந்தெடுத்தார்கள்.

யோனா தினமும் காலையில் வாசலுக்கு வருவான். உள்ளே காலெடுத்து வைக்கமாட்டான். தம்பிக்கு ஆறிவிட்டதா சிஸ்டர் என்று கேட்பான். டாக்டர் சமவெளியிலிருந்து எப்போதாவது வந்து போகிறவர். ஆறிற்றா இல்லையா என்று சொல்லவேண்டியவர் அக்காதான்.

"புண்ணு எப்பமோ ஆறிப்போச்சு மக்கா. ஆனாலும் நெதம் மருந்து வச்சுப் புதுக் கட்டுப் போட்டேன். பொறவு வாசலுக்குப் போயி, இன்னும் ஆறலன்னு சொல்லுவேன். அப்பம் அவன் மொகத்தப் பாக்கணுமே. அம்புட்டு சந்தோசம். சரி சிஸ்டர், நாளைக்கு வாறேன்னு போயிருவான்."

"அவனுக்குத் தெரியுமோ அக்கா, பொய்யெண்டு?"

"தெரியாம இருக்குமா? ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா ஒருநாளும் வாய்விட்டுப் பேசுனதில்ல."

மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. பிறகு பட்டாளம் மலையேறியது. வெளியூர்த் தாதிகள் உடனே மலையை விட்டு இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்கா கடைசியாக ஒரு கட்டுப் போட்டு, தாவீதை உள்ளூர்த் தாதி ஒருத்தியின் பொறுப்பில் விட்டார். வாசலில் நின்ற யோனாவிடம் இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"அண்ணன் தம்பியச் சுட்டானா, விட்டானா? இத்தன வருசமா இதே கேள்விதான் மக்கா. இங்க யாரயாவது வீட்டுக்குப் போன்னு சொல்லணும்னா, வாசல்ல ஆரு நிக்கான்னு எட்டிப் பாக்கணும் போல இருக்கு" என்றார். துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன்.

சென்ற ஆண்டு, அந்த மலைகளைச் சேர்ந்த போதகர் ஒருவர் மெல்பேர்னுக்கு வருகிறார் என்று அக்கா தம் சபையாரிடம் கேள்விப்பட்டார். "தனியாப் போக பயமாட்டு இருக்கு. நீயும் வாறியா?" என்றார். "வாறன் அக்கா" என்றேன். இருவரும் பஸ் ஏறினோம். ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்தபோது அக்கா போதகரிடம் போய் மலை மொழியில் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். போதகர் சிரித்தார். பிள்ளைகளின் உயரத்தைக் கையால் காட்டினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கான் மக்கா! தாவீது இருக்கான்! ரெண்டு பிள்ளையளாம்!" என்று கத்தியே விட்டார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு திரும்பி இன்னொரு கேள்வி கேட்டார். யோனா என்ற பெயர் மட்டும் எனக்குக் கேட்டது. போதகர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை அக்கா திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னார். அக்கா போன சில நாட்களில் யோனாவே தம்பியைப் பின்வழியால் கூட்டிப்போய் ஆற்றைக் கடத்தி அனுப்பிவிட்டான். அவனும் கூடப் போயிருக்கலாம். போகவில்லை. வழக்கம்போல வாசலில் வந்து நின்றான். அவன் அங்கே நிற்பதைக் கண்டுகொண்டிருந்த வரையில், தம்பி உள்ளே கிடக்கிறான் என்றுதான் எல்லைப் பிரிவார் நினைத்திருந்தார்கள். உண்மை தெரிந்ததும் அவனுடைய ஆட்களே அவனை அங்கே வைத்துச் சுட்டார்கள்.

"தம்பியை நீங்கள்தானே காப்பாத்தினனீங்கள் அக்கா" என்றேன்.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த புல்லும் ஆடுகளும் போய்க்கொண்டே இருந்தன.

"உள்ள கெடந்தவன மட்டுந்தான் நான் நோயாளின்னு பாத்தேன். வாசல்ல நின்னவனுக்கு மழ முழுக்கக் காய்ச்சல் மக்கா. மலேரியா. நடுங்கிக்கிட்டே நிப்பான். நான் அங்க வச்சே மாத்திரயக் குடுத்து அனுப்பிருவேன். துப்பாக்கியக் குடுத்துட்டு உள்ள வந்து படுடேன்னு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. படுத்திருந்தான்னா அவனயும் யாரும் தொட்டிருக்க முடியாதுல்லா. ஒரு கட்டிலு மக்கா. ஒரே ஒரு கட்டிலு."

அவன் உள்ளே வந்திருப்பானா, வந்திருந்தால் அவர்கள் வேறொருவனை வாசலுக்கு அனுப்பியிருக்க மாட்டார்களா என்றெல்லாம் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் எதுவும் அக்காவிடம் எடுபடவில்லை.

மெல்பேர்னிலிருந்து வந்தபின் அவர் நோயாளிகளை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பினார். மேட்ரனுக்குப் பரம சந்தோஷம். ஆனால் ஓய்வு கிடைத்தபோதெல்லாம், வார்டுக்கு வெளியே நீள வாங்கில் காத்திருப்பவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நோயாளியைப் பார்க்க வந்த ஆட்களிடம், உங்களுக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். அவர்கள் திகைப்பார்கள். அவருடைய உடம்போ தேய்ந்துகொண்டே வந்தது. இருதயம் பலவீனம், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவோ, அந்தக் கட்டில் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன். மனுசி கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்க ஆராதனை நடந்தது. தொடங்குமுன் அக்காவின் சபைப் போதகர் என்னிடம் வந்து, ஜெபத்தில் சொல்லவேண்டிய உறவினர் பெயர்கள் உண்டா என்று கேட்டார். ஊரில் இருக்கும் அக்காவின் தங்கைகளின் பெயர்களைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யோனா என்றும் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"அவர் யார்? சகோதரரா?"

"இல்லை" என்றேன். "அக்காவின் நோயாளி."

போதகர் அந்தப் பெயரையும் வாசித்தார். விபூதி பூசிய நெற்றியோடு நானும் எல்லாரோடும் சேர்ந்து சத்தமாக ஆமென் சொன்னேன். பக்கத்தில் நின்ற இவரும் சொன்னார்.

போய் வாருங்கள் அக்கா. அவனைக் கண்டால் ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள்.