ரெட்டைப்படைக்காரர்

“எந்த நம்பரோட நிறுத்துனீங்க?”

இதைக் கேட்ட பிறகுதான் அவர் டீயில் வாய் வைப்பார். எதிரே நிற்பவர், “இனிமே நீலக்குடை வாங்கறதா இல்லீங்க” என்று பேச்சை எடுத்திருப்பார், அவ்வளவுதான். அதற்குள் இவர் கை சட்டைப்பைக்குப் போய், கிரீஸ் படிந்த குட்டி நோட்டு ஒன்றை வெளியே எடுத்திருக்கும். நம்பர், ஆளின் தொழில், காரணம். மூன்றே கட்டம்தான். ஆறுதல் சொல்ல மாட்டார், ஏன் எதற்கு என்று குடைய மாட்டார். எழுதி, பேனாவை மூடி, “டீ ஆறுது, குடிங்க” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய புத்தகக் கடை வாசலில் நீலக்குடை காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் இடம் அது. ஒரு காலத்தில் முப்பது பேர் வருவார்கள். இப்போது ஏழெட்டுப் பேர். நோட்டில் மட்டும் ஆள் கூடிக்கொண்டே போகிறது. 88-இல் நிறுத்திய பேக்கரிக்காரருக்குக் காரணம் கல்யாணம். 140-இல் நிறுத்திய கணக்கு வாத்தியாருக்குக் கரையான். ஓவியர் மாறி, கதாநாயகனின் மொண்ணை மூக்கு கூர் மூக்கானபோது 212-இல் ஒரே மூச்சில் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். மருந்துக்கடைக்காரரிடம் அவர் மகள் “இதெல்லாம் இன்னுமாப்பா படிக்கிறீங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம், மனிதர் அந்த மாதமே விட்டுவிட்டார். பேங்க் கேஷியர் 300-இல் நிறுத்தினார். கேட்டால், முழு நம்பர், நிறுத்துவதற்கு வசதி என்றார். நல்ல ஆளய்யா!

இவரை உறுத்துவது ஒரே ஒரு காரணம்தான். ஒரு பெயின்டர் சொன்னது: “தெரியலீங்க. ஒரு மாசம் வாங்க மறந்துட்டேன். மறந்ததே மூணு மாசம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு.” அதை எழுதிய அன்று இவருக்கு டீ இறங்கவில்லை.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்திரண்டு. இடுப்பில் ஒரு இரும்பு வளையம், அதில் லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். “மூச்சு வாங்குது. மேல பார்க்கணும்” என்பார். எதைச் சரி செய்தாலும், கயிறோ, போல்ட்டோ, கடைசியில் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை பத்தாது, மூன்றாவது தடவை இழுக்கவும் மாட்டார்.

லிஃப்ட் நடுவில் நின்றுபோய் யாராவது மாட்டிக்கொண்டால் பயப்படாமல் இருக்க, கதவிடுக்கில் வாயை வைத்து நீலக்குடை கதை சொல்வார். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குக் கதை போகும். ஒரு தடவை ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே மாட்டிய அம்மாள் ஒருத்தர், பயமெல்லாம் போய், உள்ளேயிருந்து அதட்டினாராம்: “அதெல்லாம் இருக்கட்டும், அவன் எதுக்குக் கிணத்துக்குள்ள இறங்கினான்? அதைச் சொல்லுங்க!”

“அது ஞாபகம் இல்லம்மா. ஆரம்பம் எங்க அக்காகிட்ட இருக்கு. என்கிட்ட முடிவு மட்டும்தான்.”

இது விளையாட்டுப் பேச்சு இல்லை, நிஜமே அதுதான்.

நீலக்குடை மாதம் ஒன்று வரும். கதாநாயகன் மழை அளக்கும் ஆபீசில் குமாஸ்தா. கையில் எப்போதும் ஒரு நீலக்குடை. அதை வைத்துத்தான் திருடர்களைப் போட்டுச் சாத்துவான். ஆனால் எத்தனை மழை கொட்டினாலும் குடையை விரிக்கமாட்டான். தொப்பலாக நனைந்துகொண்டே அடிப்பான். ஏன் விரிப்பதில்லை என்று முப்பது வருடம் ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கதைகள் பெரும்பாலும் இரண்டு இதழ் ஓடும். ஒற்றை நம்பரில் தொடங்கி, இரட்டை நம்பரில் முடியும்.

இவருக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பதினைந்து வயதில் முதல் இதழ் வந்தது. இருவரும் சேர்ந்து வாங்கி, ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். எழுபத்துநான்காவது இதழில் அக்காவுக்குக் கல்யாணம். பெட்டி யாருக்கு என்று வீட்டில் ரகளை. “நான்தானே அட்டை போட்டேன்?” என்று அக்கா மூக்கைச் சிந்த, “நான்தானே மழையில ஓடிப்போய் வாங்கினேன்?” என்று தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வயதுத் தடியன். அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர், எதையும் சரிபாதியாகப் பார்த்துப் பழகியவர். இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “ஒத்தப்படை நம்பர் எல்லாம் அவளுக்கு. ரெட்டைப்படை உனக்கு. இனிமே வர்றதும் அப்படித்தான். பெட்டி அவளுக்கு. போங்க.”

ஆக, ஆரம்பமெல்லாம் அக்கா வீட்டுக்குப் போயிற்று, முடிவெல்லாம் தம்பியிடம் தங்கிவிட்டது. ஒரு கதையை முழுசாகப் படிக்க வேண்டுமானால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். அப்பா இதையெல்லாம் யோசித்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ள இப்போது அவர் இல்லை.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் இவர் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறுவார். ஒற்றை மாதம் கையை வீசிக்கொண்டு போய், அக்கா வாங்கியதை அங்கேயே படிப்பார். இரட்டை மாதம் தன்னுடையதை எடுத்துப்போய், அக்கா படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவருவார். இரவல் கிடையாது. அக்கா வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. புத்தகம் வந்ததும் மிஷினை நிறுத்திவிடுவாள். மாமாதான் உள்ளே வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறாங்கப்பா, யாரும் சத்தம் போடாதீங்க” என்பார். அந்த வீட்டில் அவரைத் தவிரச் சத்தம் போட வேறு ஆள் இல்லை.

நடுவில் ஒருமுறை, அம்மா யார் வீட்டில் இருப்பது என்பதில் இருவருக்கும் பேச்சு தடித்து, ஏழு மாதம் பேச்சுவார்த்தையே அறுந்துபோனது. ஆனால் சனிக்கிழமை மட்டும் தப்பவில்லை. இவர் போவார், புத்தகம் மிஷின் பலகைமேல் இருக்கும், படிப்பார், வந்துவிடுவார். 203-இல் நீலக்குடைக்காரன் அணையிலிருந்து விழுந்தான், தொடரும் என்று போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் இவர் 204-ஐக் கொண்டுபோய், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பலகையில் வைத்தார். அக்காவும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே எடுத்தாள். முதல் பக்கத்தைப் புரட்டியதும் தன்னையறியாமல் கத்திவிட்டாள்: “அப்பாடா, சாகலடா!”

ஏழு மாதத்துக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வார்த்தை அது. இவர், “நான்தான் போன வாரமே படிச்சேனே” என்று மட்டும் சொன்னார். “சரி சரி, உக்காரு. டீ போடறேன்” என்று அக்கா எழுந்துபோனாள்.

இப்படி முந்நூற்று அறுபத்தொன்று வரை வந்தாயிற்று. போன வருடம் வந்த அந்த 361-இன் பின்னட்டையில் ஓர் அறிவிப்பு: அடுத்த மாதம் முதல் முழு வண்ணத்தில், புத்தம் புதிதாய், மீண்டும் நம்பர் ஒன்றிலிருந்து!

இவர் நினைத்தார்: ஒன்று ஒற்றைப்படை, அப்படியென்றால் அக்கா வாங்குவாள். அக்கா நினைத்தாள்: போன மாதம் 361 நான் வாங்கினேன், இது தம்பியின் முறை. நம்பரா, முறையா என்ற கேள்வியே இருபத்துநான்கு வருடத்தில் எழுந்ததில்லை. இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

சனிக்கிழமை இவர் கையை வீசிக்கொண்டு போனார். அக்கா மிஷினை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். “கொடு.”

“என்னத்தைக் கொடுக்க? நீ கொடு.”

“என்னடா உளர்றே? உன் முறைதானே?”

“ஒண்ணாம் நம்பர்க்கா! ஒத்தப்படை!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “முப்பது வருஷம் கட்டிக் காத்து, ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டுட்டீங்களே மாப்ளே!”

பதினோரு கடை ஏறி இறங்கினார்கள். ஒன்றாம் நம்பர் என்றதும் கண்டவர்களெல்லாம் இரண்டிரண்டாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, ஒரே நேரத்தில் இரண்டு தலையும் குனிந்து படித்தார்கள், சின்ன வயதில் படித்த மாதிரி. மூன்றாம் பக்கத்தில் நீலக்குடைக்காரன் குடையை விரித்தான். விரித்து, அதைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் பறந்தான்.

அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள். “இது நம்மாளு இல்லடா.”

அடுத்த மாதம் இரண்டாம் நம்பர் வந்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இவர் வாங்க வேண்டியது. கடையில் எடுத்தார், முகர்ந்தார், ஸ்டேப்பிள் பின்னை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். மனசு லேசாக இருந்தது. தெரு முனை திரும்பும்வரை லேசாகத்தான் இருந்தது. அங்கேதான், சனிக்கிழமை என்ன செய்வது என்று பக்கென்றது.

அக்கா வீட்டுக்குச் சும்மா போய் இவருக்குப் பழக்கமில்லை. நாளுக்கும் கிழமைக்கும் பெண்டாட்டியோடு போவார், அது வேறு. தனி ஆளாகப் போய், “சும்மா உன்னைப் பார்க்கணும்னு வந்தேன்” என்று சொல்ல வாய் வராத ஜாதி இவர். அக்காவும் அதே ஜாதி. புத்தகம் இல்லையென்றால் ஒரு மாதம் போகமாட்டார். மறந்தது மூன்று மாதம் கழித்து ஞாபகம் வரும். அந்த வாரம் முழுக்க, மொட்டைமாடி மெஷின் ரூமில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பெயின்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தார். பயம்தான். வேறென்ன பெயர் அதற்கு?

சனிக்கிழமை பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். நூற்றெண்பது புத்தகம். அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லிப் பதினைந்து வருடமாக நச்சரித்த மனைவி, ஏணியைப் பிடித்துக்கொண்டு முகம் தொங்கிப்போய் நின்றாள். “எடைக்குப் போட்டுடப் போறீங்களா?” என்று கேட்டாள். “அக்கா வீட்டுக்கு” என்றார். “அப்ப சரி” என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. “என்னடா இது? ஒரேயடியா கை கழுவ வந்தியா?”

“இல்லக்கா.” நெற்றியைத் துடைத்தார். “வாங்கறதை நிறுத்திட்டேன். இங்க வர்றதுக்குக் கையில வேற ஒண்ணும் இல்ல. அதான் இருக்கறதை எடுத்துட்டு வந்தேன்.”

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, “அட லூசு” என்றாள். “அந்தக் குடைக்காரன்மேல எனக்கு ஆசை போயி பன்னெண்டு வருஷம் ஆச்சுடா. மூக்கை மாத்தினானே, அன்னைக்கே போச்சு. நீ வருவியேன்னுதான் வாங்கிட்டிருந்தேன்.”

“மூக்குலயேவா? நானும் அதுலதான்கா!”

“அப்ப என்னத்தைடா இவ்வளவு நாளும் உக்காந்து படிச்சே?”

“எங்க படிச்சேன்? சும்மா புரட்டினேன். நீ சிரிக்கறியான்னு பார்த்துட்டிருப்பேன்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய ஒற்றைப்படைகளுக்கெல்லாம் தையலில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் உறை. இவருடைய இரட்டைப்படைகளுக்கு லிஃப்ட் கம்பெனியின் கோடு போட்ட காலண்டர் தாளில் அட்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு வைக்கும்வரை அடுக்கினார்கள். பூ, கோடு, பூ, கோடு. இருநூற்று மூன்றையும் நான்கையும் சேர்த்து வைக்கும்போது அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். மூடி மூடவில்லை. மாமா வந்து பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார்.

“உன் நோட்டுல நம்மளுதை எழுதலையா?” என்று அக்கா கேட்டாள்.

எடுத்தார். நம்பர், 361. தொழில், லிஃப்ட், தையல். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“தம்பி மறந்துட்டான்னு போடு.”

“அக்கா மறந்துட்டான்னு போடறேன்.”

“நம்பர்படி பார்த்தா என் தப்பு, முறைப்படி பார்த்தா உன் தப்பு. விட்டுத் தள்ளு.”

அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்தாள், அப்பா அன்றைக்கு இருவரையும் பார்த்த மாதிரி. பிறகு அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

“பெட்டி என்கிட்ட. சாவி உன்கிட்ட. முதல் சனிக்கிழமை வந்து தொறந்து விடு. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து படிக்கணும்.”

அவர் இடுப்பிலிருந்து இரும்பு வளையத்தைக் கழற்றினார். லிஃப்ட் சாவிக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிச் சாவியைக் கோத்து, வளையத்தை மூடி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.