யில்வா வைத்த புள்ளி

மூன்றாம் மாடிக்காரர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவையறைப் பதிவுகளைத் திருடிவிட்டு என் தோழி யில்வா ஓடிப்போனாளாம்! எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பெயர் போட்டுவைக்கும் அந்தப் பதிவுகள் காணாமல் போனது உண்மைதான். என்னுடையதும் போயிற்று, படுக்கை விரிப்புகள் கூடையிலேயே கிடந்தன. அதற்காக அவள் திருடியா?

வேலை போனபின் யில்வா வீட்டிலிருந்தே ஒரு பிரவுசருக்காக உழைத்தாள். நிரல் எழுதுகிறவர்கள் பிழை தேட அதில் ஒரு பலகை உண்டு. ஒரு பொருளின் பெயரைத் தட்டிப் புள்ளி வைத்தால், அடுத்து என்ன எழுதலாம் என்று பலகையே எடுத்துக்கொடுக்க வேண்டும். தேதி, பட்டியல் என்று ஜாவாஸ்கிரிப்ட் என்கிற நிரல்மொழியோடு கூடவே வருகிற பொருள்களுக்கே அது பாதியில் ஊமையாகிவிடுமாம். அதைப் பேசவைத்துவிட்டால் எங்கள் ஊர் லின்ஷோப்பிங்கை விட்டு ஸ்டாக்ஹோமில் வேலை என்று பிரவுசர்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

சலவையறைப் பதிவுப் பக்கம் அவள் செய்து கொடுத்தது. சோதனையையும் அதிலேயே செய்தாள். ஒருநாள் கீழ்வீட்டு ரூனே கதவைத் தட்டினார்.

“என் செவ்வாய்க்கிழமை எங்கம்மா? சுருட்டிக்கிட்டியா?”

“நான் துவைச்சே நாளாச்சு ரூனே. கிட்ட வந்து மோந்து பாருங்க!”

அவர் முறைத்துக்கொண்டு போய்விட்டார். நான் காபியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டியலின் கடைசிப் பதிவை எடு என்று தட்டிப் புள்ளி வைத்தாள். இன்னும் என்டரைத் தட்டவில்லை. அதற்குள் பதிவுப் பக்கத்திலிருந்து ஒரு பெயர் மறைந்தது!

“பெரிட், புடிச்சிட்டேன்!” என்று என் தோளைப் பிடித்துத் துள்ளினாள். “அடுத்து என்ன வரும்னு சொல்றதுக்காக, நான் எழுதினத இது நெசமாவே செஞ்சு பாத்துடுது!”

“சூப்புல உப்பு இருக்கான்னு கேட்டா, சட்டியவே குடிச்சிடுதா?”

“அதேதான்!”

கூடவே வருகிற பொருள்களின் குணம் முன்பே தெரிந்ததுதானே. அவற்றின் கட்டளைகளில் எது வெறுமனே பார்க்கும், எது மாற்றிவிடும் என்று பிரித்தாள். பார்ப்பதை மட்டும் செய்து பார்; மாற்றுவதைத் தொடாதே என்று பலகைக்குக் கட்டளை போட்டாள். பிறகு ரூனேவையே இழுத்து வந்து தட்டச் சொன்னாள். தேதிக்குப் புள்ளி வைத்தார்; வரிசை சர்ரென்று விரிந்தது. கடைசிப் பதிவை எடுக்கச் சொல்லிப் புள்ளி வைத்தார். ஒரு பெயரும் உதிரவில்லை.

“இன்னொரு தடவ வெக்கட்டுமா?” என்றார், குழந்தை மாதிரி.

திருத்தத்தை அனுப்பினாள்; அடுத்த வாரம் ஸ்டாக்ஹோமிலிருந்து பதில் வந்தது: ஏற்றுக்கொண்டோம், வாருங்கள். கிளம்புகிற நாள் காலை கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள். ரூனே வாசற்கதவைத் திறந்து பிடித்தார்.

“ரயில் போயிடும், ஓடுடி!” என்றேன்.

ஓடினாள்.