மாடு உதைக்காதா, மேடம்?

கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பு மாணவிகளிடம் 'அடுத்து என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம்' என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னோடு பேச வந்த இன்னொருவர் கால்நடை டாக்டர் ஸ்டெல்லா. சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு விவசாயியின் மகள்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். விண்வெளிக்குப் போன பெண், விமானம் ஓட்டும் பெண்... எல்லாரும் கை தட்டினார்கள். "கேள்வி ஏதாவது?" என்றேன். கடைசி வரிசையில் ஒரு கொட்டாவி!

ஸ்டெல்லா பேசியது ஐந்தே நிமிடம். கேள்விகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

"மாடு ஒதைக்காதா, மேடம்?"

"ஒதைக்கும். இந்தக் கை ஒருதடவ ஒடைஞ்சிருக்கு."

"வூட்ல வேணாம்னு சொல்லலியா?"

"எங்கப்பா ஆறு மாசம் எங்கிட்ட பேசவே இல்ல."

"ஃபெயில் ஆயிருக்கீங்களா?"

"காலேஜ்ல ரெண்டு பேப்பரு. திரும்ப எழுதுனேன்."

கூட்டம் கலைந்ததும் பூங்கொடி என்ற மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "மேடம், எங்க மாடு காலைலேர்ந்து முக்கிக்கினே இருக்குது. கன்னு வரல..."

ஸ்டெல்லா உடனே பையைத் தூக்கிவிட்டார். ஜீப்பில் போகும்போது, பத்தாவதோடு தன் படிப்பை வீட்டில் நிறுத்தப் போகிறார்கள் என்பதையும் பூங்கொடி சொன்னாள்.

வாசலில் அவள் அப்பா. பெண்கள் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "ஆம்பள டாக்டரு வர்லீங்களா?"

ஸ்டெல்லா தோள் வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. அரை மணி நேரம் போராடி அதை நிமிர்த்தி, கயிறு கட்டி, டாக்டரும் பூங்கொடியும் சேர்ந்து இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை! மூக்கைத் துடைத்துவிட்டு, வைக்கோலால் அதன் மார்பைத் தேய்த்தார் ஸ்டெல்லா. தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தும்மல்... அப்பாடா!

அப்பா டீ கொண்டுவந்தார்.

"இன்னும் லேட்டாயிருந்தா மாடும் போயிருக்கும். ஒங்க பொண்ணு வந்து சொன்னதாலதான் பொழச்சிது. கொஞ்சம்கூட பயப்படல அவ. ஏங்க படிப்ப நிறுத்துறீங்க?" என்றார் ஸ்டெல்லா.

"கீழ ஹாஸ்டல்ல வுடணுமேங்க. பொட்டப்புள்ளய எப்பிடிங்க..."

"நானும் ஹாஸ்டல்ல இருந்துதாங்க படிச்சேன்."

அவர் ஸ்டெல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசன பண்றேங்க" என்றார். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஆனால் ஜூன் மாதம் அவரே மகளை சங்கராபுரத்துக்கு அழைத்து வந்து பள்ளியிலும் விடுதியிலும் சேர்த்தார். சேர்த்த கையோடு ஸ்டெல்லாவுக்கு போன் செய்து, "டாக்டரம்மா, அப்பப்ப ஒரு எட்டு பாத்துக்கோங்க" என்றாராம்.

பெண் பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய பெயர்களை அடுக்குகிறோம். தவறில்லை. ஆனால், கேள்வி கேட்கிற தூரத்தில் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா?

போன வாரம் பூங்கொடி போனில் ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறாள்: "கெமிஸ்ட்ரி ஒண்ணுமே புரியல மேடம். ஒங்களுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

டாக்டர் சொன்ன பதில் - "இப்பவும் அப்பிடித்தான்!"