முழங்காலுக்கு வைத்த பஞ்சு

கனடாவின் மொன்றியல் நகரத் தமிழ்க் கத்தோலிக்கருக்குச் செலீனை எமிலியானுஸின் மனைவி என்றால்தான் தெரியும். எமிலியானுஸ் செபக்குழுத் தலைவர். அவர் வீட்டில் செபமாலை தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். செலீனோ பாதிச் செபமாலையிலேயே தூங்கி விழுவாள். விடிய ஏழு மணிக்கு உடுப்புத் தொழிற்சாலையில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்க வேண்டியவள், பாவம், வேறென்ன செய்வாள்? இவளுக்குப் பக்தி காணாது என்று எமிலியானுஸ் கண்டவரிடமெல்லாம் சொல்லுவார். அவளுக்கும் சேர்த்துத் தானே செபிப்பதாக ஒரு பெருமூச்சும் விடுவார்.

செலீன் மாதாவோடு கதைப்பது மெஷினில் இருந்தபடிதான். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. வீட்டு வாடகை, கால்வீக்கம், புருஷனின் வாய், எல்லாம் மாதாவின் காதுக்குப் போகும். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். எத்தனை மன்றாட்டு என்று அவள் எண்ணியதில்லை.

2002இல் அவள் வயிற்றில் ஒரு கட்டி கண்டார்கள். வெட்டி எடுத்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று சொல்லலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த நாள் மே முதலாம் திகதி, புதன்கிழமை. எமிலியானுஸ் கலண்டரைப் பார்த்துக் கைகூப்பினார். புதன் சூசையப்பருக்குரிய கிழமை, மே ஒன்று அவருடைய திருநாள்.

"பாத்தியே, அவரே நாள் குறிச்சுத் தந்திருக்கிறார். அண்டைக்கு சூசையப்பர் கோயில் மரப்படி தொண்ணூற்றொன்பதையும் முழங்காலிலை ஏறுறதெண்டு நேர்த்தி வைச்சிட்டன்."

"நேர்த்தியைப் பேந்தும் செய்யலாம்," என்றாள் செலீன். "நான் கண் முழிக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிண்டாக் காணும். டொக்டர் பிரெஞ்சிலை சொன்னா எனக்கு ஒண்டும் விளங்காது. பயமாக் கிடக்கு."

"உனக்காகத்தானே ஏறுறன்."

டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் பதினைந்து வருடம் பிரெஞ்சில் ஏச்சு வாங்கி அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவர் அவர். சூசையப்பருக்குத் தமிழே விளங்கும் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை, அந்தப் பிரெஞ்சையும் தன்னோடு படிக்குக் கொண்டுபோகத் தீர்மானித்துவிட்டார்.

முதல்நாள் பின்னேரம் ஒரு காற்சட்டையோடு வந்தார். "முழங்காலுக்கு உள்ளாலை பஞ்சு வைச்சுத் தைச்சுத் தா. வெளியிலை தெரியக் கூடாது."

ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வைத்துவிட்டுச் செலீன் வீட்டு மெஷினில் அமர்ந்தாள். பஞ்சை இரண்டு மடிப்பாக வைத்து, இரண்டு தரம் தைத்தாள். இரைச்சலுக்குள், "மாதாவே, நாளைக்கு இந்த மனுசன் வராட்டி நீயாவது வா," என்றாள். அழுகை வந்தது. ஆனாலும் தையலைக் கோணவிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, எமிலியானுஸ் நேர்த்திக்குப் போனார். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் டெனிஸ்டனும் செபக்குழுவும் அங்கே வருவதாக ஏற்பாடு. நேர்த்தி நாலு பேருக்குத் தெரியாமல் போய்விட்டால் யாருக்கு என்ன பிரயோசனம்?

வெட்டி முடிந்து செலீன் கண் முழித்தபின், பதினொன்றரைக்கு டொக்டர் வந்தார். இரண்டு நிமிடம் பிரெஞ்சில் பேசி, செலீனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தப்பிவிட்டாய் என்று தட்டினாரா, மனதைத் தேற்றிக்கொள் என்று தட்டினாரா?

நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த றோசா அவள் முகத்தைக் கண்டாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தே பிரெஞ்சு பழகியவள். ஞாயிறு வேலை என்று பூசைக்கு வராததால், எமிலியானுஸ் அவளைச் செபக்குழுவிலிருந்து வெட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டொக்டருக்குப் பின்னால் ஓடினாள்.

திரும்பி வந்து, "அக்கா, பயப்பட ஒண்டுமில்லையாம். வெறும் நீர்க்கட்டி. முழுசா எடுத்தாச்சாம்," என்றாள்.

செலீன் விம்மி அழுதாள். அழுது முடியும்வரை றோசா கையை விடவில்லை. அன்றைக்கு அந்தத் தளத்தில் மூன்று அறைகள் பிந்தித்தான் துடைபட்டன.

நாலு மணிக்கு எமிலியானுஸ் நொண்டியபடி வந்தார், பின்னால் கமெராவோடு டெனிஸ்டன். அறை வாசலில் நின்ற றோசாவிடம் சங்கதியைக் கேட்டறிந்ததும் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்று, கமெராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சரியா மூண்டு மணிக்குக் கடைசிப் படியிலை தலை வைச்சன். அந்த நேரம்தான் என்ரை மனுசிக்குச் சுகம் கிடைச்சது."

"டொக்டர் பதினொண்டரைக்கே சொல்லிப்போட்டார்," என்றாள் றோசா.

"பதினொண்டரைக்கு எத்தினையாம் படியிலை நிண்டனீங்கள்?" என்று கேட்டாள் செலீன்.

எமிலியானுஸ் டெனிஸ்டனைப் பார்த்தார். டெனிஸ்டனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அப்ப இன்னும் தொடங்கேல்லை, அக்கா. கமெரா பற்றறி இறங்கிப்போச்சு. நான் வீட்டை போய் மாத்திக்கொண்டு வர மத்தியானம் ஒரு மணியாச்சு. அதுமட்டும் அண்ணை படியடியிலைதான் குந்திக்கொண்டிருந்தவர்."

அந்தப் படியடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை.

"அப்ப நீங்கள் ஏறினது ஆருக்காக?" என்றாள் செலீன்.

டெனிஸ்டன் கமெராவைக் கீழே இறக்கினான். எமிலியானுஸ் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். தையல் ஓரிழைகூட விட்டிருக்கவில்லை.