எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கம்

என் தம்பிக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகியிருந்தது. இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது, கீழே விழுந்ததை எடுக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். இந்த மூன்றையும் மீறுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கார் பானெட்டுக்குள் தலையை விடுவதற்காக மீறப் பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

பஸ் டிப்போ ஸ்டோரில் இருபத்தொன்பது வருடம் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தான். மெக்கானிக்குகள் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். நம்பர் சொல்லாமல் இவன் நாற்காலியை விட்டு எழ மாட்டான். 'நம்பர்' என்றே அங்கே பெயராகிவிட்டது. ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய காரை, துருப்பிடித்த ஆறு சிலிண்டர் எஞ்சினோடு, இழுத்துவந்து வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிறுத்தினான். அதற்குப் பதினொரு வருடம் ஆகிறது. அவன் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் அவனைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகியும் அவள் திரும்புகிற பேச்சே எடுக்கவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் இரண்டு பட்டியல். பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்றும் இருக்கிற கார்கள் முதல் பட்டியலில் வரும். வழியில் எஞ்சின் மாறியவை இரண்டாவதில். என் தம்பி கார் முதல் பட்டியலில் சேர வேண்டும். இதில் ஆசை பாதி, மானம் பாதி. ஏனென்றால் மற்றவர்கள் சங்கத்துக்கு அனுப்பும் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நம்பர் தப்பு என்று கடிதம் எழுதுவதே இவனுக்குப் பொழுதுபோக்கு. இவன் கடிதத்தால் இரண்டு பேரின் கார்கள் முதல் பட்டியலிலிருந்து இறங்கியிருக்கின்றன. அவர்களில் ஒருவர் பல் டாக்டர். அதற்குப் பிறகு இவன் பல் வலிக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போகிறான்.

சனிக்கிழமை சங்கத்தின் பரிசோதகர் வருவதாக இருந்தது. அதற்குள் எஞ்சின் எண்ணைப் புதிதாகப் படித்து, காகிதத்தில் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியோடு படிவத்தை நிரப்பி வைக்க வேண்டும். எஞ்சினை வார்க்கும்போதே இரண்டு விஷயங்கள் இரும்பில் புடைப்பாக வந்துவிடும் என்று விளக்கினான். ஒன்று தேதி. இவன் எஞ்சினில் பக்கவாட்டில் 'B 16 2' என்று இருக்கிறது. B என்றால் இரண்டாவது மாதம், பதினாறாம் தேதி, வருடத்தின் கடைசி இலக்கம் இரண்டு. கதவுத் தகட்டின்படி கார் தயாரானது அறுபத்திரண்டு மார்ச் ஒன்பது. மூன்று வாரம் முன்னால் வார்த்த எஞ்சின், ஜாடிக்கேற்ற மூடி மாதிரி.

"இரண்டுன்னா எழுபத்திரண்டாவும் இருக்கலாமே?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் இரண்டாவது விஷயம், எஞ்சினின் மாடல் எண் என்றான். அது எஞ்சினின் பின்புறம், எஞ்சினுக்கும் அதற்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டுக்கும் நடுவே, கை சுலபமாக நுழையாத இடத்தில் இருக்கிறது. 418763. அந்த எண் அறுபத்துநான்கோடு நின்றுபோனது. ஆகவே அறுபத்திரண்டேதான்.

"நீ பாத்தியா?"

பார்த்தானாம். கடைசி இலக்கத்தின் மேல், எண்ணெய் கசியாமலிருக்கப் பூசும் கேஸ்கெட் பசை பழசாகிக் கல்லாக ஒட்டியிருந்ததாம். தேதிதான் பொருந்துகிறதே, அப்படியானால் அது மூன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டானாம். தேதியை வைத்து எண்ணை எழுதி, அந்த எண்ணை வைத்தே தேதியை நிரூபித்திருக்கிறான். காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்துகொண்டு தெர்மாமீட்டரைப் படிக்கிற நர்ஸை வார்டில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். இவன் பதினொரு வருடம் வைத்திருந்தான்.

வியாழக்கிழமை நான் கொட்டகைக்குப் போனேன். பிளாஸ்டிக் ஸ்டூல், டார்ச், பசையைச் சுரண்ட ஐஸ்கிரீம் குச்சி. கத்தி வேண்டாம், இரும்பில் கீறல் விழும் என்று வாசலிலிருந்து கத்தினான். வாக்கரைப் பிடித்தபடி அங்கேயே நின்று, மூச்சு விடக்கூட எனக்கு உத்தரவு போட்டான். பசை போக அரை மணி நேரம். முழங்கை வரை கரி.

"எட்டு" என்றேன்.

"மூணு."

"எட்டுடா."

"இடது பக்கம் துரு ஏறியிருக்கும். நல்லா பாரு."

இடது பக்கம் பாதி அரித்துப் போயிருந்தது உண்மைதான். ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வளைவின் மிச்சம் தெரிந்தது. சொன்னேன். மறுபடி பார்க்கச் சொன்னான். பார்த்தேன். மறுபடி சொன்னான். ஐந்தாவது தடவை, "உனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதுதானே?" என்று கேட்டான். டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கினேன். பென்சிலால் தேய்த்த காகிதத்தை அவன் சட்டைப் பையில் சொருகினேன். நீயே படித்துக்கொள், இனி என்னை அந்தப் பக்கம் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன்.

எட்டு என்றால் என்ன ஆகும் என்பது எனக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. அவன் புத்தகத்தில் 418768 அறுபத்தெட்டில்தான் தொடங்குகிறது. அப்போது தேதியிலுள்ள இரண்டு எழுபத்திரண்டு. பிறந்து பத்து வருடம் கழித்து யாரோ மாற்றிப் போட்ட எஞ்சின்.

இரண்டு நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் இடுப்பு வலி. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை. ஆனால் பூதக்கண்ணாடியோடு காகிதத்தை மட்டும் மணிக்கணக்கில் பார்த்தான். வெள்ளி மதியம் எட்டிப் பார்த்தேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு இலக்கத்தின் அகலத்தையும் அளந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் காகிதத்தைக் கவிழ்த்தான். சாயங்காலம் வந்து, நாளைக்குப் பரிசோதகர் முன்னால் நீ வாயைத் திறக்காதே என்றான். கார் உன்னுடையது, வாய் என்னுடையது, ஆனாலும் திறக்க மாட்டேன் என்றேன்.

பரிசோதகர் நடுத்தர வயதுப் பெண்மணி. பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருபவர். வந்ததும் மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. தம்பி வாக்கரோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

வெளியே வந்தவர் தன்மையாகத்தான் பேசினார். கடைசி இலக்கம் பாதி அரித்திருக்கிறது, மூன்று என்றும் படிக்கலாம், எட்டு என்றும் படிக்கலாம், சந்தேகம் இருந்தால் உரிமையாளர் சொல்வதை எழுதிக்கொள்வது வழக்கம் என்றார். "நீங்க இத்தனை வருஷமா மூணுன்னு குறிச்சிருக்கீங்க. அப்படியே போட்டுடட்டுமா சார்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவுமில்லை.

"என்ன சந்தேகம் உங்களுக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தான். "இதை வார்த்த ஃபவுண்டரியில மூணு போட்டா தலை தட்டையா இருக்கும். இது உருண்டை. மூணாவது எழுத்தும் எட்டுதான், ரெண்டையும் அளந்து பாத்துட்டேன், ஒரே அகலம். இதுகூடத் தெரியாம என்ன பரிசோதனை பண்றீங்க? எட்டு. எழுதுங்க."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். "அப்படின்னா ரெண்டாவது பட்டியல் சார்."

"எனக்குப் பட்டியல் தெரியும்மா."

எழுதினார். அவன் வாங்கிப் படித்து, தேதிக் கட்டத்தில் வருடத்தை முழுதாகப் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தான். அவர் 1972 என்று நிரப்பியதும் கையெழுத்துப் போட்டான். டீ சாப்பிட்டுப் போங்கள் என்று நான் சொன்னதற்கு, அவர் வேண்டாம் என்று சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார்.

கொட்டகையில் நாங்கள் இருவர்தான். அவன் காரைச் சுற்றி ஒரு நடை போனான். நான் கெஞ்சியும் இரண்டு நாளாகப் போகாத நடை. பானெட்டை மூடச் சொன்னான். மூடினேன்.

"பதினொரு வருஷமா எவன் எஞ்சினுக்கோ எண்ணெய் போட்டிருக்கேன்க்கா."

ஓடுகிறதா இல்லையா என்று கேட்டேன். ஓடுகிறதுதான், ஓடுவதா இப்போது பேச்சு என்று என்மேல் எரிந்து விழுந்தான். பிறகு அப்படியே பின்னால் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்காரப் போனான். அது தாழ்வான ஸ்டூல். உட்கார்ந்தால் இடுப்பு மடங்கிவிடும். அக்குளில் கை கொடுத்து நிறுத்தினேன்.

"நில்லு. நாற்காலி கொண்டுவரேன்" என்றேன்.

நின்றான். கண்ணைத் துடைக்க வாக்கரிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். அதற்கும் விடவில்லை. முதலில் நாற்காலி.